சிங்கப்பூரில் தாதியர் ஏன் வேலைநிறுத்தம் செய்வதில்லை?

சட்டப்படி முழுத் தடை தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஊழியர்களுக்குத்தான். மற்ற அத்தியாவசியச் சேவைகளில் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சங்கம் ரகசிய வாக்கெடுப்பும் நடத்தணும். 2012 நவம்பரில் எஸ்எம்ஆர்டி போக்குவரத்து நிறுவனத்தின் சீன நாட்டு பஸ் ஓட்டுநர்கள் 171 பேர் அறிவிப்பில்லாமல் வேலைக்குப் போகவில்லை. ஐந்து பேர் சிறை சென்றார்கள், 29 பேர் நாடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை அனுமதியில் வந்த தாதி அதை மறப்பாரா?

தாதியருக்குச் சங்கம் உண்டு, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியின் கீழ். பேசித்தான் வாங்குவார்கள். பொதுத்துறைத் தாதியர் வேலையில் நீடிக்க 2024இல் அறிவித்த ஏஞ்சல் ஊக்கத்தொகைத் திட்டத்தில் 20 ஆண்டுகளில் ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை கிடைக்கும். நல்ல தொகைதான். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் என் அக்கா காலுறையைக் கழற்றும்போது கணுக்காலில் பதிந்திருக்கும் தடம் மத்தியானம் வரை மறையாது. அவளுக்குப் பணத்தைவிட வார்டில் இன்னும் ஓர் ஆள் வேண்டுமாம்.