கானலில் எடுத்த படம் தெளியாது: கோடையில் பிள்ளைகளோடு காட்டுயிர் பார்க்க

கேள்வி: கோடை விடுமுறையில் ஆறு வயது மகளையும் பதினொரு வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரையை ஒட்டிய காட்டுப்பகுதிக்குப் போனோம். காலை பத்து மணிக்குப் போய் மதியம் வரை சுற்றியும் தூரத்தில் சில பறவைகளைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. 70-300 மி.மீ. லென்ஸில் எடுத்த படங்கள் எல்லாம் மசமசவென்று இருக்கின்றன. பிள்ளைகள் அரை மணி நேரத்திலேயே அலுத்துவிட்டார்கள். 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: லென்ஸ் இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: போன நேரம். வெயில் ஏறியதும் விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும், தரையிலிருந்து கானல் எழும், பிள்ளைகளுக்கு மண்டை காயும். 600 மி.மீ. லென்ஸ் இதில் எதையும் தீர்க்காது. கானலை இன்னும் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

முதலில் உங்கள் படங்களையே ஒருமுறை சோதித்துவிடுங்கள். கணினியில் முழு அளவுக்கு விரித்துப் பாருங்கள். கை நடுங்கியிருந்தால் படத்தில் உள்ள எல்லாமே ஒரே திசையில் கோடாக இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் பறவை மங்கலாக இருந்தாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் கூர்மையாக விழுந்திருக்கும். எங்குமே கூர்மை இல்லாமல், அடுத்தடுத்து எடுத்த படங்களில் அதே பறவையின் அலகும் கழுத்தும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வடிவம் மாறியிருந்தால் அது கானலின் வேலை.

சூடேறிய தரையை ஒட்டிய காற்று லேசாகி மேலே எழும்பிக்கொண்டே இருக்கும், மேலே உள்ள குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அடர்த்தி வேறுபட்ட இந்தக் காற்றுத் திட்டுகள் ஒவ்வொன்றும் ஒளியைக் கொஞ்சம் வெவ்வேறாக வளைக்கின்றன. நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மானிலிருந்து வரும் ஒளி இந்தக் கலவையைக் கடந்துதான் லென்ஸுக்கு வந்தாக வேண்டும். ஷட்டர் வேகத்தை 1/4000க்கு ஏற்றினாலும், நெளிந்த உருவம் நெளிந்தபடியே உறைந்து பதிவாகுமே தவிர, நிமிராது. முக்காலியும் உதவாது. செய்யக்கூடியது மூன்றுதான்: வெயிலுக்கு முன் போவது, கிட்டப் போவது, பாறையும் தார்ச்சாலையும் வெற்று மணலும் இடையில் இல்லாதபடி இடம் பார்த்து உட்காருவது.

காரிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வம்பு உண்டு. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்க, கண்ணாடியை இறக்கி லென்ஸை நீட்டினால், ஜன்னலிலேயே குளிர்காற்றும் சூடான காற்றும் கலந்து அங்கேயே ஒரு கானல் உண்டாகிவிடும். ஏசியை நிறுத்தி, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, உள்ளும் புறமும் ஒரே சூடாகும் வரை ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். என்ஜினையும் நிறுத்திவிடுங்கள்; அதன் அதிர்வு லென்ஸ் வரை வரும். சூடான பானட்டுக்கு மேலாகக் குறிபார்க்காதீர்கள்.

எப்போது, எங்கே

சூரியன் உதிக்கும்போது நீங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம்தான் கோடையில் உருப்படியான நேரம். அதன் பிறகு மாலையில், சூரியன் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம். பிள்ளைகளோடு இரண்டையும் ஒரே நாளில் செய்ய ஆசைப்படாதீர்கள், காலை போதும்.

கோடையில் நீர்நிலைகள் வற்றிச் சுருங்குவது பார்வையாளருக்குச் சாதகம். தேடி அலைய வேண்டியதில்லை, இருக்கும் தண்ணீருக்கு விலங்குகள் தாமாக வந்துதான் ஆக வேண்டும். அதனால் நடப்பதைவிட உட்காருவது நல்லது. காலையில் கிழக்குக் கரையில் உட்கார்ந்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், எதிரே இருப்பவற்றின் மேல் நேராக வெளிச்சம் படும். மாலையில் மேற்குக் கரை. காற்று விலங்கின் பக்கமிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். பாலூட்டிகள் உங்களைப் பார்ப்பதற்கு முன்னே மோப்பம் பிடித்துவிடும். உடை மங்கலான நிறத்தில் இருந்தால் போதும், ராணுவச் சட்டையெல்லாம் தேவையில்லை. கையை விருட்டென்று தூக்குவதும் பேச்சுச் சத்தமும்தான் விரட்டுகின்றன.

கரைச் சேற்றில் குளம்படிகள் எந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். அது அவை தண்ணீருக்கு இறங்கும் தடம். அந்தத் தடத்தை அடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். தாகத்தோடு வந்த விலங்கு உங்களைக் கண்டு திரும்பிப் போனால், வெயிலில் அடுத்த தண்ணீருக்கு எத்தனை தூரம் நடக்க வேண்டுமோ. யானை, காட்டுமாடு, கரடி போன்றவை நடமாடும் இடமானால் தரையில் உட்காரும் யோசனையே வேண்டாம். வண்டியிலிருந்தோ அனுமதிக்கப்பட்ட காட்சிக் கோபுரத்திலிருந்தோ மட்டும் பாருங்கள்.

கிட்டப் போவதன் கணக்கு

உங்கள் கேமராவில் இருப்பது 1.5 மடங்கு கிராப் சென்ஸார், அதாவது படம் பதியும் சில்லு முழு ஃபிரேம் கேமராவில் இருப்பதைவிட அகலத்தில் 1.5 மடங்கு சிறியது, என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ.யில் பத்து மீட்டர் தூரத்தில் படத்தின் அகலத்துக்குள் அடங்குவது 80 செ.மீ. சிறு நீல மீன்கொத்தி சுமார் 16 செ.மீ. நீளம், படத்தின் ஐந்தில் ஒரு பங்கை நிரப்பும், தாராளம். அதுவே முப்பது மீட்டர் தள்ளி இருந்தால் பதினைந்தில் ஒரு பங்கு. 600 மி.மீ. லென்ஸ் போட்டாலும் முப்பது மீட்டரில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாது, நடுவில் இருக்கும் காற்றும் மூன்று மடங்கு. ஆக, பத்து மீட்டரில் 300 மி.மீ.தான் ஜெயிக்கும்.

மீன்கொத்தியைத் துரத்திப் பத்து மீட்டருக்குள் போக முடியாது. ஆனால் அது திரும்பத் திரும்ப ஒரே கிளையில் வந்து உட்காரும் பறவை. தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியின் கீழே எச்சத்தின் வெள்ளைக் கறை தெரிகிறதா? அந்தக் குச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, புதர் மறைவில், கேமராவை முன்கூட்டியே குச்சியின் மேல் ஃபோகஸ் செய்து வைத்துக் காத்திருங்கள்.

கேமரா அமைப்பு: கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க, ஷட்டர் வேகத்தின் கீழ் எண் லென்ஸின் மி.மீ. எண்ணுக்குக் குறையக் கூடாது; கிராப் சென்ஸாரில் அந்த மி.மீ.யை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 300 மி.மீ.யை 1.5 ஆல் பெருக்கினால் 450. எனவே கையில் பிடித்து எடுக்க 1/500 நொடி குறைந்தபட்சம். நடக்கும் விலங்குக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கை அசைவைத்தான் தாங்கும், விலங்கின் அசைவை அல்ல. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) தானியங்கியில் விட்டு, உச்சவரம்பு 3200 என்று வையுங்கள். ஐஎஸ்ஓ ஏறிப் பொரிப்பொரியாக வந்த படத்தைப் பின்னால் ஓரளவு தேற்றலாம், அசைந்துபோனதைத் தேற்ற வழியில்லை. ஃபோகஸை, அசைவதை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் வைத்து, புள்ளியைக் கண்ணின் மேல் நிறுத்துங்கள். இருண்ட தண்ணீர்ப் பின்னணியில் வெள்ளைக் கொக்கு நின்றால் வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1. இல்லாவிட்டால் இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வானத்துக்கு எதிரே கிளையில் இருக்கும் பறவைக்குத் தலைகீழ், பிளஸ் 1 முதல் பிளஸ் 1.7 வரை.

ஏசி அறையிலோ காரிலோ குளிர்ந்துபோன கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸில் நீர் பூக்கும். துடைத்தால் மறுபடி பூக்கும். கிளம்புமுன் பையை மூடியபடியே வெளிக்காற்றில் இருபது முப்பது நிமிடம் வைத்துவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகள் அலுக்காமல் இருக்க

ஆறு வயதுக் குழந்தையை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வது நடக்காத காரியம். இருபது நிமிடம் உட்காருதல், பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்க் கால் நீட்டி நடத்தல் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். பெரியவன் கேமராவையோ குறிப்பேட்டையோ வைத்திருக்கட்டும். சின்னவள், அந்தக் கொக்கு எத்தனை தடவை குத்தியது, எத்தனை தடவை மீன் கிடைத்தது என்று எண்ணட்டும். பெரிய விலங்கு எதையும் காட்டுவதாக முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அலுப்பு பாதி அங்கிருந்துதான் வருகிறது.

வெயில் ஏறிய பிறகு குழந்தைகளுக்குச் சரியான ஆட்டம் தட்டானும் பட்டாம்பூச்சியும்தான். கிட்டத்தில் இருப்பதால் கானல் தொந்தரவும் அவ்வளவாக இல்லை. தட்டான் பறந்துபோனதும் பின்னால் ஓட வேண்டாம், பெரும்பாலும் அதே குச்சி நுனிக்குத் திரும்பிவிடும். உச்சி வெயிலில் அது வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்பதைக் காட்டுங்கள். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் வித்தை அது. ஈரமண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பட்டாம்பூச்சிகள் உப்புச் சத்தை உறிஞ்சுகின்றன, பெரும்பாலும் ஆண்கள். இவற்றுக்கு மொபைலே போதும்: விரலால் ஜூம் செய்யாமல் கையை நீட்டி மெல்லக் கிட்டப் போங்கள், நிழல் அதன் மேல் விழாமல். நேர் வெயிலில் வைத்தால் மொபைல் சூடேறி கேமராவை நிறுத்திவிடும், அதனால் இடையில் நிழலில் வையுங்கள்.

வாயைத் திறந்து தொண்டை படபடக்கும் பறவையைக் கண்டால் அது அழகுக்கு அப்படி இல்லை, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கிளப்பிப் பறக்கவிடாதீர்கள். கூட்டை நெருங்கவே கூடாது. தாய் எழுந்துபோனால் நேர் வெயிலில் முட்டையும் குஞ்சும் சீக்கிரம் கெட்டுவிடும். மேய்ந்துகொண்டிருந்த விலங்கு தலை தூக்கி, காதை உங்கள் பக்கம் திருப்பி, மெல்லுவதை நிறுத்தினால் நீங்கள் போன தூரம் அதிகம். அங்கேயே நின்று, பின்வாங்குங்கள்.

தண்ணீர் குடிக்கப் பிள்ளைகள் கேட்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கொரு தடவை கொடுங்கள். தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது. நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூடக் குழந்தையைத் தனியே விடாதீர்கள். வெயிலில் மூடிய கார் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதிக்குப் பைனாகுலர் வாங்கலாம். மகனுக்கு 8x32 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 32 மி.மீ. அகலம்) பொருந்தும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். மகளுக்கு வாங்கும்போது கடையிலேயே கண்ணில் வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கான பல பைனாகுலர்களில் இரு குழல்களையும் 56 மி.மீ.க்குக் கீழே நெருக்க முடியாது, ஆறு வயதுக் குழந்தைக்கு இரு கண்மணிகளுக்கு இடையே அந்தத் தூரம் இருக்காது. அவளுக்கு இரண்டு வட்டங்கள் தனித்தனியே தெரிந்தால் அது வேண்டாம், 6x30 போன்ற சிறியது ஒன்றைத் தேடுங்கள். வீட்டிலேயே சரிசெய்துகொள்ள வேண்டியது: வலக்கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கவும், பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பவும். காட்டில் பறவையைப் பிடிக்க, முதலில் வெறும் கண்ணால் அதைப் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். எதிர் வீட்டு மாடித் தொட்டியை வைத்தே இதைப் பழகலாம். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.