கரண்ட் படிப்பு பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்ட பாம்பன் அண்ணனுக்கு

அண்ணே, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், இ.இ.இ. என்கிற மின், மின்னணுப் பொறியியல் தான் படிப்பேன் என்று நிற்கிறாள், வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள், நடுவில் உங்கள் மச்சினன் ஒரு காலேஜ் நோட்டீஸோடு வந்து, ஸ்மார்ட் கிரிட், ஸ்மார்ட் சிட்டி என்று புதுப் பெயரில் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, சேர்த்தால் வேலை நிச்சயம் என்கிறார். என் பதில் இதுதான்: பிள்ளை சொல்வது சரி, மச்சினன் சொல்வது பாதி சரி, அந்த நோட்டீஸில் சுண்டல் மடித்துக்கொள்ளலாம்.

முதலில் இந்த ஸ்மார்ட் கிரிட் என்ன என்று பார்த்துவிடுவோம். உங்களுக்குப் புரியாதது எதுவும் இல்லை. விசைப்படகில் வலையின் மடி மீனால் கனத்தால் இன்ஜின் சத்தம் இறங்கி முக்கும், உடனே டிரைவர் ரேஸ் கொடுப்பார் இல்லையா? நாடு முழுக்க ஓடுகிற மின்சாரமும் அதே கதைதான். நொடிக்கு 50 தடவை துடிக்க வேண்டும், 50 ஹெர்ட்ஸ் என்பது அதுதான். ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் கூடினால் துடிப்பு இறங்கும், எங்கோ ஒரு மின்நிலையத்தில் ரேஸ் கொடுத்தாக வேண்டும். நிலக்கரியும் தண்ணீரும் மட்டும் இருந்த காலத்தில் அந்த ரேஸ் நம் கையில் இருந்தது. இப்போது நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலாருக்கு யார் ரேஸ் கொடுப்பது? மேகம் மறைத்தால் இறங்குகிறது, சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் போடுகிற நேரத்துக்குச் சரியாகச் சுழியம் ஆகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை அள்ளிக் கொடுத்துவிட்டு அப்புறம் அடங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணித்து, மிஞ்சுகிறதை பேட்டரியிலோ கடம்பாறை மாதிரி தண்ணீரை மேலே ஏற்றி வைக்கிற நிலையத்திலோ சேமித்து, ஃபீடர் என்கிற மின்பாதைகளில் எதில் என்ன நடக்கிறது என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொள்கிற ஏற்பாடுதான் ஸ்மார்ட் கிரிட். வீட்டுக்கு வருகிற ஸ்மார்ட் மீட்டர் அதில் ஒரு சின்னத் துண்டு.

இது தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உங்களுக்கு எதிர்க்கரையே சாட்சி. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுக்க கரண்ட் போனது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதாக அமைச்சர் சொன்னார், ஊரே சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் இருந்த விஷயம் வேறு. ஞாயிறு பகலில் கரண்ட் செலவு குறைவு, வெயிலில் சோலார் கொட்டுகிறது, துடிப்பைப் பிடித்து நிறுத்துகிற கனமான ஜெனரேட்டர்கள் ஓடுவது குறைவு. பாரம் இல்லாத படகு சின்ன அலைக்கே கவிழ்கிற மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மாடி சோலாரை அணைத்து வையுங்கள் என்று அங்கே மின்வாரியமே மக்களைக் கேட்டுக்கொண்டது. இருக்கிற கரண்டையே வேண்டாம் என்று சொல்கிற நிலைமை! நம் நாட்டிலும் 2012 ஜூலை கடைசியில் வடக்கும் கிழக்கும் இருண்டு 60 கோடிப் பேருக்கு மேல் தவித்தார்கள். தெற்கு அப்போது தனி வலையாக இருந்ததால் தப்பியது, 2013 டிசம்பர் 31-ல் நம்மையும் அதோடு சேர்த்தாகிவிட்டது. சோலாரையும் காற்றையும் வேகமாகக் கட்டிக்கொண்டு, தாங்குகிற வலையை மெதுவாகக் கட்டுகிற எல்லா நாட்டுக்கும் இதே தலைவலிதான். அதனால்தான் இந்தத் துறைக்கு ஆள் தேவை தீரப்போவதில்லை என்று தைரியமாகச் சொல்கிறேன்.

ஸ்மார்ட் சிட்டி விஷயத்துக்கு வருகிறேன். 2015-ல் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்கு அறிவித்த 100 நகரங்களில் தமிழ்நாட்டுக்கு 11, மதுரையும் தூத்துக்குடியும் உண்டு, ராமநாதபுரம் இல்லை. அதற்காக வருத்தப்பட வேண்டாம். மதுரையில் தெருவிளக்கு எரியவும் சென்னையில் மின்சார பஸ் சார்ஜ் ஏறவும் தேவையான வெயில் நம்மிடம்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், கமுதி சோலாரில் வேலை கிடைக்கும் என்று நம்பிப் படிக்க வைக்காதீர்கள். கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், கட்டி முடித்த பிறகு தகடு துடைக்கவே ரோபோ வந்துவிட்டது. மீட்டர் மாட்டுகிற வேலையும் அப்படித்தான். நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் என்று 2021-ல் இலக்கு வைத்தார்கள், பையன்கள் காண்ட்ராக்டில் ஓடி ஓடி மாட்டுகிறார்கள், மாட்டி முடித்த அன்றைக்கு அந்த வேலையும் முடியும். நிற்கிற வேலை அதற்குப் பின்னால் இருக்கிறது. மீட்டர் அனுப்புகிற கணக்கை ஆராய்வது, கோளாறு வந்தால் கரண்டைத் துண்டிக்க வைக்கிற துணைமின் நிலையத்துப் பாதுகாப்பு ரிலேக்கள், தேவையைக் கணிப்பது, பேட்டரி, அப்புறம் கணினி வழியாக நுழைகிற தாக்குதலைத் தடுப்பது. 2015 டிசம்பரில் உக்ரைனில் எங்கோ உட்கார்ந்துகொண்டு சுவிட்சைத் தட்டி இரண்டு லட்சம் பேருக்கு மேல் இருட்டாக்கினார்கள். இதெல்லாம் கரண்டும் தெரிந்து கம்ப்யூட்டரும் தெரிந்தவர் செய்ய வேண்டியது.

அதனால் இ.இ.இ.யா கம்ப்யூட்டரா என்ற சண்டையே வீட்டில் வேண்டாம். இ.இ.இ.யில் சேரட்டும், பைத்தான் நிரல் எழுதவும் டேட்டா கையாளவும் பக்கத்திலேயே படித்துக்கொள்ளட்டும், தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் இந்த மாதிரிப் பயிற்சிகள் காலேஜிலேயே வருகின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் பின்னால் மின்பாதுகாப்பைக் கற்பது இதைவிடக் கஷ்டம். இன்னொரு லாபமும் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கேட்கிற கட்ஆஃப் பெரும்பாலும் இ.இ.இ.க்குத் தேவைப்படாது, அதே மார்க்கில் இன்னும் நல்ல காலேஜ் கிடைக்கும்.

அந்தப் புதுப்பெயர்ப் படிப்பை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நான் ஒரு தடவை சூடுபட்டவன். சில வருஷம் முன்னால் ஒரு பையன் இதே மாதிரி அழகான பெயர் வைத்த பட்டத்தைக் காட்டி நல்லாயிருக்கா சார் என்று கேட்டான், நானும் பாடத்திட்டத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். படித்து முடித்து அரசு வேலை அறிவிப்பைப் பார்த்தால் தகுதி என்ற இடத்தில் இ.இ.இ. என்று போட்டிருக்கிறது, இவன் பட்டம் அதற்கு இணையா என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினான். இன்றைக்கும் அவன் அப்பாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பட்டத்தின் பெயர் பழசாக இருக்கட்டும், விருப்பப் பாடத்தில் ஸ்மார்ட் கிரிட் எடுத்துக்கொள்ளலாம்.

காலேஜ் என்றால் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியை மேலே போடுங்கள், நம் மாவட்டத்தில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி இருக்கிறது, மதுரையில் தியாகராஜர் இருக்கிறது. பேட்டரி மேல் ஆசை வந்தால் காரைக்குடியிலேயே சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உண்டு. பின்னாளில் கேட் என்கிற பொறியியல் நுழைவுத் தேர்வு எழுதினால், மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட் மாதிரி நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுக்கின்றன. இரண்டாம் மகனைப் பற்றியும் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள், அவனுக்கு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம், அப்புறம் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு. அதுவும் இதே பாதைதான்.

பொம்பளப் பிள்ளை கம்பம் ஏறுமா என்று கேட்டீர்கள். இன்ஜினியர் கம்பம் ஏறுவதில்லை அண்ணே. உப்புக் காற்றில் கம்பத்துப் பீங்கானில் உப்புப் படிந்து, பனி இறங்கிய ராத்திரியில் பொறி பறந்து உங்கள் தெருவில் கரண்ட் போகிறதே, அது எந்தக் கம்பம் என்று கண்டுபிடிக்க இன்றைக்கு லைன்மேன் டார்ச்சோடு நடக்கிறார். அந்தக் கம்பத்தை அறையில் உட்கார்ந்து திரையில் காட்டுவதுதான் இவள் படிக்கப்போவது. ஷிப்ட் இருக்கும், ராத்திரி வேலையும் இருக்கும், வெளியூர் போக வேண்டியிருக்கும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். மின்வாரியத்தில் பெண் உதவிப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டாலே ஒருவரைக் காட்டுவார்கள், பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பேச விடுங்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டும், மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும். இதற்கெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான பள்ளிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவையில் சாதி, வருமானச் சான்றிதழும் பாருங்கள், பழசில் அப்பா பெயர் எழுத்து ஆதாரோடு மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். கலந்தாய்வுப் பதிவு பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை என்பதால் நீங்கள் கரையில்தான் இருப்பீர்கள், நாளைக் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்வந்துவிடுங்கள்.