தையல் கேள்வி-பதில்: ஊத்தை உடுப்புக்கு ஒரு நாடாப் பை

கேள்வி: ஊத்தை உடுப்புப் போட்டு வைக்க, வாயை நாடாவால் இழுத்துக் கட்டும் பை தைக்கப்போகிறேன். எந்தத் துணி, எவ்வளவு வாங்க வேண்டும்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பொப்ளினைவிடச் சற்றுத் தடிப்பான கொட்டன் வாங்குங்கள். பெட்ஷீட் துணி, கைத்தறி, மெல்லிய கன்வஸ் எல்லாம் பொருந்தும். றெக்சீனும், பின்புறம் பூச்சுப் பூசிய திரைச்சீலைத் துணியும் வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் வேர்வை ஊறிய உடுப்பு காற்றுப் புகாத பைக்குள் இரண்டு நாள் கிடந்தாலே நாற்றம் பிடித்துவிடும். பிறகு பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாக விழும். அது எளிதில் போகாது.

ஒரு பைக்கு 21 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள துண்டு போதும். 45 அங்குல அகலத் துணியில் 1¾ யார், அதாவது 1.6 மீற்றர் எடுத்தால் இரண்டு பை வெட்டலாம். நீளத்தை நடுவில் மடித்துத் தைத்தால் அடியில் தையலே வராது. பாரம் முழுவதும் இறங்கும் இடம் அதுதான் என்பதால் இப்படி வெட்டுவதையே நாம் விரும்புகிறோம். ஒரே திசை பார்த்த பூ டிசைன் என்றால் மட்டும் பின்பக்கம் தலைகீழாக வரும். அதற்கு இரண்டு துண்டாக வெட்டி அடியையும் தைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் நீளத்திலும் அரை அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன் துணியைக் கழுவிக் காயவைத்து அயன் பண்ணுங்கள். இந்தப் பையும் உடுப்போடு சேர்ந்து அடிக்கடி கழுவப்படும். கழுவாத கொட்டன் பிறகு சுருங்கி, தையல் ஓரமெல்லாம் நெளியும். பத்திக், கடும் நிறக் கைத்தறி என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சட்டையின் மேல் அந்தச் சாயம் நிச்சயம் ஏறும்.

கேள்வி: இரண்டு பக்கத்தையும் மேல்வரை தைத்து, வாயையும் மடித்து அடித்துவிட்டேன். இப்போது நாடா நுழைக்க வழியில்லை. எங்கே பிழை?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வேலையின் ஒழுங்கில்தான் பிழை. உள்பாவாடையில் நாடா வெளியே வர ஒரு திறப்பு விடுகிறோம் அல்லவா, அதே திறப்பு இங்கே இரண்டு பக்கமும் வேண்டும். அதைப் பக்கத் தையல் போடும்போதே விட்டுவிட வேண்டும்.

துணியை நல்ல பக்கம் வெளியே தெரிய மடியுங்கள். மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே இரு பக்கமும் அடையாளம் போடுங்கள். அங்கிருந்து அடி மடிப்புவரை, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தையுங்கள். தைத்த இடத்தின் ஓரத்தை அரைக்கால் அங்குலமாக நறுக்கிவிடுங்கள். அடையாளம் போட்ட இடத்தில் இரண்டு துணியையும் சேர்த்து அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறுக்கே கத்தரியுங்கள். இந்தக் கத்தரிப்பு இல்லாவிட்டால் மேற்பகுதி மடியாது, மூலையில் சுருக்கு விழும். பிறகு பையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, மறுபடி கால் அங்குலத்தில் அடியுங்கள். பிசிறு எல்லாம் இரண்டு தையலுக்கு நடுவே அடைபட்டுவிடும், ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லொக் தேவைப்படாது. தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் அடிக்க, அதாவது பின்னோக்கியும் சில தையல் போட, மறக்க வேண்டாம். நாடா இழுக்கும்போது முதலில் பிரிவது திறப்பின் அடிமுனைதான்.

அடையாளத்துக்கு மேலுள்ள நான்கு ஓரங்களையும் கால் அங்குலமாக இருமுறை மடித்துத் தையுங்கள். கடைசியாக வாயை முன்னும் பின்னும் தனித்தனியே முதலில் அரை அங்குலம், பிறகு 1 அங்குலம் மடித்து, கீழ் ஓரத்தை ஒட்டி அடியுங்கள். நாடா போகும் இரண்டு குழாய், நான்கு வாய் கிடைக்கும். பையின் உயரம் 28½ அங்குலம் வரும்.

பொலியெஸ்டர் நூல்தான் நல்லது, ஈரத்தில் உக்காது. சாதாரணக் கொட்டனுக்கு 14ஆம் இலக்க ஊசி, கன்வஸுக்கு 16. மெல்லிய ஊசியால் மடிப்புகளின் மேல் ஓட்டினால் தையல் தாவும், ஊசியும் முறியலாம்.

நீங்கள் தைத்துவிட்ட பையை வீசவேண்டாம். இரு பக்கமும், வாய் மடிப்பின் வெளித் துணியில் வரும் பக்கத் தையலை மட்டும் மடிப்பின் அகலத்துக்குள் பிரித்து, திறப்பின் மேலும் கீழும் கையால் நெருக்கி நாலைந்து தையல் போடுங்கள்.

கேள்வி: ஒரு நாடாதான் கோர்த்தேன். இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்குகிறது, பாதியில் சிக்குகிறது.
- வாசகர், தெகிவளை

பதில்: இரண்டு நாடா கோருங்கள். ஒவ்வொன்றும் 52 அங்குலம், மொத்தம் 3 யார் வாங்கினால் சரி. முதலாவது இடப்பக்கம் நுழைந்து முன் மடிப்பையும் பின் மடிப்பையும் சுற்றி இடப்பக்கமே வெளியே வரட்டும். இரண்டாவது வலப்பக்கம் நுழைந்து வலப்பக்கமே வரட்டும். அந்தந்தப் பக்கத்து நுனிகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, இரு கையாலும் எதிரெதிராக இழுத்தால் வாய் சமமாக மூடும்.

சிக்குவதற்கு நாடாவின் தடிப்பும் காரணமாக இருக்கலாம். 1 அங்குல மடிப்புக்குள் 5 மில்லிமீற்றர் நாடா இரண்டு தாராளமாக ஓடும். அதைவிடத் தடித்தது வேண்டாம். நைலோன் வழுக்கி ஓடும், ஆனால் முடிச்சு அவிழும், இரட்டை முடிச்சுப் போட்டு நுனியைத் தீயில் இலேசாக உருக்கிவிடுங்கள். கொட்டன் நாடா முடிச்சைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் காயச் சுணங்கும். பின்னல் பொலியெஸ்டர் நாடா இரண்டுக்கும் நடுவான தேர்வு. நாடா நுனியில் ஊக்குக் குத்திக் கோர்க்கும்போது ஊக்கு கழன்றால், நுனியைச் செலோடேப்பால் சுற்றி அதன்மேல் குத்துங்கள்.

கேள்வி: மெசின் இல்லை. கையால் தைத்தால் தாங்குமா?
- வாசகி, மட்டக்குளி

பதில்: தாங்கும். ஓட்டத் தையல் போடாமல், ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் பின்னே குத்தி முன்னே எடுக்கும் பின்தையல் போடுங்கள், அங்குலத்துக்கு 8 தையலாவது விழட்டும். நூலை இரட்டையாக எடுங்கள். கன்வஸைத் தவிர்த்துவிடுங்கள், விரல்தான் நோகும்.

கேள்வி: குளியலறைக் கதவில் தொங்கவிடலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது.
- வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வேண்டாம். தொங்கும் நாடா கழுத்தில் சுற்றக்கூடும். பெரியவர்களின் தோளுக்கு மேலே கொளுக்கி அடித்து, நாடாவை அதிலேயே சுற்றிவிடுங்கள். பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய ஸ்டூலோ வாளியோ இருக்கக் கூடாது. ஈரத் துவாயை முதலில் கொடியில் உலரவிட்டு, பிறகு பையில் போடுங்கள்.