வகுப்பறையின் எழுதாத விதிகள்

அன்புள்ள ஐயா,

வடசென்னையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். பன்மைத்துவம், சமவாய்ப்பு, அனைவரையும் உள்ளடக்கிய கற்பித்தல் ஆகியவை பற்றி அண்மையில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. நான் சாதியோ மதமோ பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே விதி. இதற்கு மேல் ஓர் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? பின்தங்கியவர்களுக்காகப் பாடத்தை எளிதாக்கினால் தரம் குறையாதா? சமவாய்ப்புப் பிரிவின் பொறுப்பையும் என்னிடம் தர விரும்புகிறார்கள். ஏற்கலாமா?

எஸ்., தண்டையார்பேட்டை

அன்புள்ள எஸ்.,

பாடத்தை எளிதாக்க வேண்டாம். உங்கள் கேள்விகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடிகிறது.

கல்லூரிக்குள் யார் வரலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 69 விழுக்காடு இடஒதுக்கீடு 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் உங்கள் பக்கத்துப் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் சேர்க்கை முடிந்த மறுநாள் வகுப்பறையில் நடப்பவை பெரும்பாலும் ஆசிரியரின் கையில் இருக்கின்றன.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் யூரி ட்ரைஸ்மனை நினைவூட்டுகிறேன். 1970களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் அதிகமாகத் தோற்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கமில்லை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாணவர்களோடு இருந்து கவனித்தபோது அவற்றில் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் பெரும்பாலும் தனியாக உழைத்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ கூடிப் படித்தார்கள், ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்த்தார், பேராசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்ற செய்தியும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே சுற்றிவந்தது. ட்ரைஸ்மன் பின்தங்கியவர்களுக்கென்று ரெமெடியல் வகுப்பு எதையும் தொடங்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்தார். அப்பயிலரங்கில் சேர்ந்தவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

நம் கல்லூரிகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. முதல் செமஸ்டர் முடிவதற்குள் ‘ஸ்லோ லேர்னர்’ பட்டியல் தயாராகிவிடுகிறது, தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டுவதற்கு அந்தக் கோப்பு வேண்டும் என்பதால். பட்டியலில் உள்ளவர்களுக்கு, தேர்வில் எதிர்பார்க்கப்படும் ஐந்து மதிப்பெண் கேள்விகளை ரெமெடியல் வகுப்பில் மனப்பாடம் செய்விக்கிறார்கள். தரம் குறைவது அங்கேதான். வாரம் ஒரு மணி நேரம், பட்டியல் பார்க்காமல் நீங்களே பிரித்த நான்கு பேர் குழுக்களுக்குப் பாடநூலில் இல்லாத கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். தமிழிலேயே விவாதிக்கட்டும், எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதட்டும்.

“ஒரே விதி” என்கிறீர்கள். எழுதப்பட்ட விதி எல்லோருக்கும் ஒன்றுதான். எழுதப்படாதவை சிலருக்கு மட்டுமே தெரிகின்றன. நிறுவலில் எந்தப் படிக்கு மதிப்பெண், எந்தப் படியைத் தவிர்க்கலாம், சந்தேகம் கேட்க ஆசிரியர் அறைக்கு எப்போது வரலாம், முதுகலை நுழைவுத் தேர்வுக்கு எந்த ஆண்டில் தயாராக வேண்டும் என்பதையெல்லாம் படித்த குடும்பத்தில் அண்ணனோ அத்தையோ சொல்லிவிடுவார்கள். மீனவர் பகுதியான காசிமேட்டிலிருந்து வரும் மாணவர் ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போவார். இவற்றை முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். காலையில் முதல் பீரியடில் முன்னறிவிப்பின்றித் தேர்வு வைப்பதும் விதிப்படி சரியானதே. ஆனால் வடசென்னையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளை நகரின் மறுகோடியிலிருந்து பஸ் மாறி வந்து சேரும் நேரம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதமும் வருமானம் நின்ற வீட்டில், அடுத்த ஆண்டுக் கட்டணம் ஜூனில் எப்படி வரும் என்று உங்கள் கணிதத் துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாதி பார்ப்பதில்லை என்ற உங்கள் சொல்லை ஐயுறவில்லை. இருந்தாலும் சென்னையில் அந்தக் கேள்வி “எந்த ஏரியா?” என்றுதான் வரும், வியாசர்பாடி, புளியந்தோப்பு என்ற பதிலுக்குப் பிறகு கேட்டவர் குரல் மாறுவதை மாணவர்கள் நம்மைவிடத் துல்லியமாகக் கவனிக்கிறார்கள். பருவத்தேர்வின் 75 மதிப்பெண்ணில் திருத்துபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. வகுப்பாசிரியரே போடும் இன்டர்னல் 25இல் முகம், பேச்சு, ஊர் எல்லாம் தெரியும். ஆகவே அந்த 25ஐ எப்படிப் பிரித்தீர்கள் என்பதை எழுதி ஒட்டுங்கள்; திருத்திய தாளைக் கையில் கொடுங்கள்.

பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளிலேயே சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்கிறார்கள். பல இடங்களில் அது பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது. தகுதியுள்ள மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. பருவத்தேர்வில் கொடுத்துவிட்டு வகுப்புத் தேர்வில் மறந்துவிடுகிறோம். உங்கள் முதல் சுற்றறிக்கை அதைப் பற்றியதாக இருக்கலாம். சேர்வதற்கு முன் முதல்வரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பெறுங்கள்: கணிதத் துறை மாணவர்களின் புகார்களை வேறு துறை ஆசிரியர் ஒருவர் வாங்க வேண்டும். இன்டர்னல் போடுபவரிடமே வந்து யாரும் புகார் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.