"போரடிக்குதும்மா" என்று பிள்ளை வந்து நின்றால்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. கோடை விடுமுறை, வெயிலில் வெளியே விட முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "போரடிக்குதும்மா" என்று வந்து நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் போனைக் கொடுத்துவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கணவரும் வீட்டில்தான். என்ன செய்யலாம்?

பதில்: விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டே இருப்பது உங்கள் வேலை இல்லை, சகோதரி. போரடிக்குது என்றதும் எதையாவது கையில் திணித்தால், அடுத்த தடவையும் உங்களைத்தான் தேடி வருவார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும். சிணுங்குவார்கள், தரையில் புரளுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். போன் கண்ணில் படாவிட்டால் பெரும்பாலும் தாங்களே எதையாவது இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி இழுத்துப் போடத் தோதான சாமான் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்குப் போக வேண்டாம். காலித் தீப்பெட்டி, பனை ஓலை, புளியங்கொட்டை, கரையில் பொறுக்கிய வெற்றுச் சிப்பி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். (உயிருள்ள எதையும் கடலிலிருந்து எடுத்து வர விடாதீர்கள். கடல் அட்டையும் கடல் குதிரையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.)

மகனுக்குப் பல்லாங்குழி சொல்லிக் கொடுங்கள். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் இரண்டு வரிசையாக 14 வட்டம் போடுங்கள். குழிக்கு 5 கொட்டை வீதம் 70. விளையாட விளையாட ஒரு மாற்றம் தெரியும். முதலில் கைக்கு வந்த குழியை அள்ளுவான். பிறகு அள்ளுவதற்கு முன்பே, வாய் முணுமுணுக்க, விரலால் ஒவ்வொரு குழியாகத் தொட்டுக்கொண்டு போய், கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று பார்ப்பான். எந்தக் குழியில் நாலு சேர்ந்து 'பசு' ஆகும் என்றும் கணக்குப் போடுவான். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இந்த ஆசையோடு கணக்குப் போட வைக்காது. சின்னவள் கொட்டையை வாயில் போடலாம், மூக்கில் திணிக்கலாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பெரிய சிப்பிகளை நிறவாரியாக அடுக்கக் கொடுத்தாலே போதும்.

உங்கள் வீட்டில் அப்பா இருப்பது பெரிய கொடுப்பினை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வலை பழுதுபார்ப்பதும் அப்போதுதான். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து வலை ஊசியில் நூல் சுற்றச் சொல்லுங்கள். கழித்துப்போட்ட துண்டில் நாலு கண் முடிந்து பழகட்டும். முடிச்சு கோணலாக வந்தால் உடனே வாங்கித் திருத்த வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவையுங்கள். உண்மையான வேலையில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை நெடுநேரம் அசையாமல் இருக்கும்.

வெயில் தாழ்ந்ததும் நுங்கு வண்டியோ ஓலைக் காற்றாடியோ செய்து கொடுத்து வெளியே விடுங்கள். காற்றாடிக்கு முள்ளைப் பெரியவர்கள் குத்திக் கொடுக்க வேண்டும்.

போனை அடியோடு பிடுங்க வேண்டியதில்லை. 2 முதல் 5 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 5 முதல் 10 வயதுவரை 2 மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. சாப்பாட்டு நேரத்திலும் படுக்கப்போகும் முன்பும் கூடாது. நேரத்தை நீங்களே குறித்துவிடுங்கள். அழுகைக்குக் கூலியாக மட்டும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: பிள்ளைகளைத் தாமாக விளையாட விடும் வீட்டில் தண்ணீர் டிரம்முக்கு இறுக்கமான மூடி வேண்டும். 4 வயதுக் குழந்தை எக்கிப் பார்க்க ஒரு குடம் பக்கத்தில் இருந்தால் போதும். இன்றே பார்த்துவிடுங்கள்.