கான்சர்டினா: அமுக்கினால் ஒரு சுரம், இழுத்தால் ஒரு சுரம்

கான்சர்டினா பழக ஆசைப்படும் சிலர் கேட்டவையும் என் பதில்களும்.

அண்ணா, எந்த கான்சர்டினா வாங்குவது? கடைக்காரர் ‘ஆங்கிலோவா, இங்கிலீஷா’ என்கிறார்.

நல்ல கடைக்காரர். ஆறு பக்கப் பெட்டி, நடுவில் துருத்தி, இரு பக்கமும் பொத்தான். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்றில் பழகிய விரல் மற்றதில் திக்குமுக்காடும். இங்கிலீஷ் வகை லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன் வடிவமைத்தது. அதில் துருத்தியை அமுக்கினாலும் இழுத்தாலும் ஒரே சுரம். சுரவரிசை இடக்கை வலக்கை என்று மாறி மாறிப் போகும். ஆங்கிலோவின் மூதாதை 1834இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸில் ஊலிக் செய்த பெட்டி. அதில் ஒரே பொத்தான், அமுக்க ஒரு சுரம், இழுக்க வேறொரு சுரம். டூயட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தாழ்ந்த சுரங்கள் இடக்கையில், உயர்ந்தவை வலக்கையில். முதலில் எந்த இசை வாசிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஐரிஷ் நடன மெட்டு என்றால் ஆங்கிலோ, யோசிக்கவே வேண்டாம்.

20 பொத்தான் மலிவாக இருக்கிறதே, போதாதா?

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். சி/ஜி சுருதியில் (ஒரு வரிசை சி, மற்றது ஜி) 20 பொத்தான் ஆங்கிலோ பெட்டியில் சி ஷார்ப், அதாவது சி-க்கு அரைச்சுரம் மேலே உள்ளது, கிடையாது. ஐரிஷ் மெட்டுகளில் ஏராளமானவை டி மேஜர் ஸ்கேலில் இருக்கும்; அதற்கு அந்தச் சுரம் வேண்டும். அரைகுறையாக மூன்று மாதம் வாசித்துவிட்டு 30 பொத்தானுக்கு மாறினேன். பழைய பெட்டியில் ஒரு பொத்தான் வேறு உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மவுத் ஆர்கன் வாசிப்பேன். உதவுமா?

பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஊதுவது அமுக்குவது, உறிஞ்சுவது இழுப்பது, அவ்வளவுதான். ஆங்கிலோவின் சி வரிசையில் இடக்கை மோதிர விரலை வையுங்கள், சுண்டு விரல் பக்கமிருந்து மூன்றாவது பொத்தான். அமுக்கினால் ச, இழுத்தால் ரி. நடுவிரல்: அமுக்க க, இழுக்க ம. ஆள்காட்டி விரல்: அமுக்க ப, இழுக்க த. இதுவரை தாலாட்டுபோல ஒரே ஆட்டம். அடுத்தது வலக்கை ஆள்காட்டி விரல். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள்: இழுத்தால் நி, அமுக்கினால் மேல் ச. அதாவது த, நி இரண்டும் ஒரே இழுப்பில் வர வேண்டும். மவுத் ஆர்கனின் ஏழாவது துளையிலும் இதே திருப்பம்தான், நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் இந்த ஓர் இடத்தை மட்டும் பழகினால் போதும்.

பாதியில் காற்று தீர்ந்துவிடுகிறது.

வலது கட்டைவிரலுக்கு ஒரு காற்றுப் பொத்தான் இருக்கும். துருத்தி முழுக்க மூடிய பிறகு அதைத் தேடாதீர்கள். சுரம் ஒலிக்கும்போதே இடையிடையே லேசாகத் தொட்டுக் காற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அப்புறம், பெட்டியின் ஒரு முனையைத் தொடையில் ஊன்றி, மறுமுனையை மட்டும் அசையுங்கள். இரண்டு கையும் ஆடினால் சுரமும் ஆடும். எந்தப் பொத்தானும் அழுத்தாமல் துருத்தியைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கர்நாடக ராகங்கள் வாசிக்கலாமா?

சங்கராபரணத்தின் சுரங்கள் எல்லாம் இருக்கின்றன, கமகம்தான் வராது. ஹார்மோனியம் மாதிரியே இதிலும் ஒவ்வொரு உலோக நாக்குக்கும் ஒரே சுரம். சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போக வழியில்லை. மெல்லிசை மெட்டுகள் அழகாக வரும். கமகமே உயிரான தோடியை விட்டுவிடுங்கள்.

நோட்டேஷன் தெரியாது, சார்.

பரவாயில்லை. அயர்லாந்தின் கிளேர் பக்கம் கேட்டுப் பழகுவதுதான் வழக்கம். அங்கே மில்டவுன் மால்பேயில் 1973 முதல் ஜூலையில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளியிலும் ஆசிரியர் வாசிக்க, மாணவர் திருப்பி வாசிப்பார்கள்.

பழைய பெட்டி ஒன்று கிடைக்கிறது. எப்படிச் சோதிப்பது?

ஒரு பக்க வாரைப் பிடித்து, பொத்தான் எதையும் தொடாமல், மறுபக்கத்தைக் கீழே கையால் தாங்கியபடி மெல்லத் தொங்கவிடுங்கள். துருத்தி சோம்பலாக இறங்கினால் சரி. சட்டென்று விரிந்தால் எங்கோ காற்று கசிகிறது. விலையைப் பேசுவதற்கு முன் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.