வகுப்பறையில் ஒரு கருப்பொருள் நாள்: கேள்வி பதில்

தண்ணீர் நாள், அறிவியல் நாள், கணித நாள் என்று தொடக்கப் பள்ளிகளில் நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு மட்டும்.

சாக்பீஸ்: வணக்கம் டீச்சர். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளுக்கு 4-ஆம் வகுப்பில் ஏதாவது செய்யணும். 40 பிள்ளைகள். சார்ட் ஒட்டி, பேச்சுப் போட்டி வைத்தால் போதுமா?

பேச்சுப் போட்டியில் 4 பேர் பேசுவார்கள், 36 பேர் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாளுக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, 'சொட்டுகிற குழாயிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் போகும்?'

ஐந்து ஐந்து பேராக 8 குழு. குழுவுக்கு ஒரு 1 லிட்டர் பாட்டில், ஒரு அளவு டம்ளர், ஒரு தாள். மூடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, தண்ணீர் நிரப்பி, தலைகீழாகப் பிடித்தால் சொட்டும். ஒரு நிமிடம்தான் சொட்டும், பிறகு நின்றுவிடும். உள்ளே காற்று போக வழியில்லை என்பதால் அப்படி. பாட்டிலின் அடியிலும் (தலைகீழாக இருக்கும்போது அதுதான் மேல்பக்கம்) ஒரு துளை போட்டுவிடுங்கள். துளைகளை நீங்களே போட்டு வையுங்கள், ஊசி பிள்ளைகள் கைக்குப் போக வேண்டாம்.

தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைத் தாளில் எழுதட்டும். 'ஒரு டம்ளர்', 'ஒரு பக்கெட்' என்று எதை எழுதினாலும் சரி. பிறகு 10 நிமிடம் பிடிக்க வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் சுமார் 30 மில்லி சேரும். அதை 6-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லி. 24-ஆல் பெருக்கினால் 4,320 மில்லி. நான்கு 1 லிட்டர் பாட்டில்களையும், கால் பங்குக்குச் சற்று மேல் நிரப்பிய ஐந்தாவதையும் மேசையில் வரிசையாக நிறுத்துங்கள். எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எட்டுக் குழுவுக்கும் எட்டு விடை வரும். சமன் செய்யப் பார்க்காதீர்கள். துளை பெரிதா, தண்ணீர் மட்டம் இறங்க இறங்கச் சொட்டு மெதுவானதா என்று அவர்களே தேடட்டும். பாடம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கீழேயும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: முந்தின நாளே, அதே பாட்டில், அதே ஊசியை வைத்து ஒரு தடவை செய்து பாருங்கள்.

கரும்பலகை: நான்கு மூலையில் நான்கு செயல்பாடு வைத்தால் 20 நிமிடத்தில் வகுப்பு சந்தையாகிவிடுகிறது. எங்கே தப்பு?

நான்கு மூலையிலும் உங்கள் உதவி தேவைப்படுகிறது. அதுதான் தப்பு. பெரியவர் பக்கத்தில் இருந்தாக வேண்டிய செயல்பாடு ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்ற மூன்றும் பார்த்ததும் புரிகிற வேலையாக இருக்கணும்: வகை பிரிப்பது, வரைவது, ஜோடி சேர்ப்பது. செய்வதற்கு 12 நிமிடம், ஒதுக்கி வைத்து நகர்வதற்கு 3 நிமிடம். நான்கு சுற்றுக்குச் சரியாக ஒரு மணி நேரம். முடிய 2 நிமிடம் இருக்கும்போது ஒரு மணி அடியுங்கள். எல்லாரும் கடிகாரம் சுற்றும் திசையிலேயே நகரணும். 40 பேர் என்றால் ஒரு மூலைக்கு 10 பேர். பொருள் இரண்டு செட் வையுங்கள், இல்லாவிட்டால் ஐந்து பேர் செய்வார்கள், ஐந்து பேர் தள்ளுவார்கள். தண்ணீர் உள்ள மூலை வாசல் பக்கம், மாப் அங்கேயே. சீக்கிரம் முடிக்கிற குழுவுக்கு 'அடுத்து இதைச் செய்' என்று ஒரு அட்டை கவிழ்த்து வைத்திருக்கணும்.

மழலை: 1-ஆம் வகுப்பு. பள்ளி திறந்த 100-ஆவது நாளைக் கொண்டாடப் போகிறோம். ஆளுக்கு 100 பாசிமணி எண்ணச் சொல்லலாமா?

பாசிமணி வேண்டாம், மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகும். ஐஸ் குச்சி கொடுங்கள். ஒரேயடியாக 100 வரை எண்ண வைத்தால் 29, 39 தாண்டும் இடத்தில் வழி தவறுவார்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு, பத்துக் கட்டு சேர்ந்ததும் அந்தப் பத்தையும் சேர்த்து ஒரே பெரிய கட்டாகக் கட்டட்டும். ஒன்று, பத்து, நூறு மூன்றும் கையில் கனமாகத் தெரியும்.

தமிழில் எண்ணும்போது 90-இல் நின்று கவனியுங்கள். தொண்ணூறு என்பதில் நூறின் ஓசை வந்துவிடுகிறது. 89-க்கு அடுத்து 'நூறு' என்று தாவுகிற பிள்ளைக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் காது சரியாகத்தான் கேட்கிறது. ஒன்பது கட்டை முன்னால் வைத்து, 'இன்னும் ஒரு கட்டு வந்தால்தான் நூறு' என்று காட்டினால் போதும்.

தேன்சிட்டு: விதை முளைப்பு வைத்தோம். பாதி விதை அழுகி நாற்றமடித்தது.

தண்ணீர் அதிகம். விதைக்கும் காற்று வேண்டும், சொதசொதவென்று நனைந்த பஞ்சில் அது கிடைக்காது. பயறை 8 மணி நேரம் ஊற வைத்து வடித்துவிடுங்கள். கண்ணாடி டம்ளரின் உள்சுவரை ஒட்டித் தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதையைச் செருகுங்கள். அடியில் 1 செ.மீ. தண்ணீர் போதும், தாளே உறிஞ்சிக் கொடுக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றணும். டம்ளருக்கு நான்கு விதை போடுங்கள். ஒரே விதை போட்டு அது முளைக்காமல் போனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு விதையைத் தலைகீழாகச் செருகச் சொல்லுங்கள். வேர் வளைந்து கீழேதான் போகும்.

வானம்பாடி: வெள்ளிக்கிழமை அறிவியல் நாள். எரிமலை மாதிரி செய்து பொங்க வைக்க சமையல் சோடா எவ்வளவு, வினிகர் எவ்வளவு?

200 மில்லி பாட்டிலில் 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 2 டீஸ்பூன் சோடா, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. பிறகு 60 மில்லி வினிகரை ஒரே மூச்சில் ஊற்றணும். மூடியை ஒருபோதும் மூடக் கூடாது.

ஆனால் இதே பொருளில் இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. 500 மில்லி பாட்டிலில் 100 மில்லி வினிகர். பலூனுக்குள் புனல் வைத்து 1 டீஸ்பூன் சோடா, அதாவது சுமார் 5 கிராம். பலூனைப் பாட்டில் வாயில் மாட்டித் தூக்கினால் சோடா கொட்டும், பலூன் ஒரு லிட்டருக்கு மேல் உப்பும். அடுத்த பாட்டிலில் 2 ஸ்பூன், அதற்கடுத்ததில் 3 ஸ்பூன். 'மூன்றாவது எவ்வளவு பெரிதாகும்?' என்று கேட்டு ஊகத்தை எழுத வையுங்கள். சாதாரண 5 சதவீத வினிகர் என்றால், மூன்றாவது பலூன் இரண்டாவதைவிடப் பெரிதாகாது. வினிகர் தீர்ந்துவிட்டது. அந்தப் பாட்டிலில் இன்னும் கொஞ்சம் வினிகர் விட்டால் மறுபடி நுரைக்கும். மிச்சமிருந்த சோடாவை அதுவே காட்டிக்கொடுக்கும். பலூன் ரப்பர் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரும்பலகை: எரிமலையை ஏன் ஒதுக்குகிறீர்கள் டீச்சர்? பொங்கும்போது பிள்ளைகள் போடுகிற கூச்சலே போதாதா?

கூச்சல் எனக்கும் வேண்டும். பலூனிலும் அதே கூச்சல் வரும். எரிமலையில் ஒருவர் ஊற்ற, 39 பேர் பார்க்கிறார்கள், 20 நொடியில் முடிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போய், 'எரிமலைக்குள் வினிகர் இருக்கும்' என்று சொல்கிற பிள்ளையை யார் திருத்துவது?

மலைமுகடு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உண்மையான எரிமலையிலும் வாயுதானே குழம்பை மேலே தள்ளுகிறது? அப்படியானால் மாதிரி அவ்வளவு தப்பில்லையே.

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆமாம், பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயு, அழுத்தம் குறையும்போது குமிழியாகப் பிரிந்து குழம்பைத் தள்ளுகிறது. அந்த அளவுக்கு மாதிரி சரி. ஆனால் அங்கே வாயு ஏற்கெனவே கரைந்து இருக்கிறது. இங்கே இரண்டு பொருள் சேர்ந்து புதிதாக உண்டாகிறது. உண்மைக்கு நெருக்கமானது குலுக்கித் திறந்த சோடா பாட்டில். அதை மைதானத்தில் செய்யுங்கள்.

வானம்பாடி: சோடா பாட்டிலிலும் சூடு இல்லையே? உருண்டை பூகோளமும் பொய்தான், அட்டைக் கடிகாரமும் பொய்தான் என்றால் எந்த மாதிரியைத்தான் காட்டுவது?

உங்கள் வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். எந்த மாதிரியும் முழுதாக ஒத்துப்போகாது. அதனால் எரிமலை செய்தே ஆகணும் என்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள்: பலகையில் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் 'எதில் ஒத்துப்போகிறது', மறு பக்கம் 'எதில் ஒத்துப்போகவில்லை'. பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். வாயு தள்ளுகிறது, வாய் வழியே வழிகிறது என்பதெல்லாம் இடப்பக்கம். சூடு, பாறை, வினிகர் எல்லாம் வலப்பக்கம். உண்மைக் குழம்பு சுமார் 700 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சேர்த்துக்கொண்டால் எரிமலைமேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சேர்க்காவிட்டால் பலூனே நல்லது.

சிட்டுக்குருவி: எரிமலைக்குச் சிவப்புச் சாயம் எவ்வளவு?

இரண்டு சொட்டு. கூடினால் சட்டை போகும்.

நெல்மணி: எங்கள் விதையும் முளைக்கவில்லை, அழுகிவிட்டது.

தேன்சிட்டுக்குச் சொன்னதைப் பாருங்கள். தண்ணீர்தான் காரணம்.

வானவில்: தாளில் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, தாளின் அடியை டம்ளர் தண்ணீரில் நிறுத்தினோம். மையிலிருந்து நிறம் பிரியவே இல்லை.

அழியாத மை பேனாவாக இருந்தால் தண்ணீரில் பிரியாது. தண்ணீரில் கரைகிற மை வேண்டும். கோடு தாளின் கீழ் விளிம்பிலிருந்து 2 செ.மீ. மேலே, தண்ணீர் 1 செ.மீ. வரை. கோடு தண்ணீரில் முங்கினால் மை டம்ளருக்குள் போய்விடும். முந்தின நாளே செய்து பார்த்திருந்தால் பேனாவை மாற்றியிருப்பீர்கள்.

கிளிஞ்சல்: 9-ஆம் வகுப்பு ஆய்வகத்தில் அமிலச் செயல்பாடு ஒன்று...

இது என் எல்லைக்கு வெளியே. உங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

நிலாமுற்றம்: 5-ஆம் வகுப்பு விண்வெளி நாள். தெர்மாகோல் பந்தில் கோள்கள் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தூரத்தையும் காட்டுங்கள். 1,000 கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் சூரியன் 14 செ.மீ. பந்து. பூமி 1.3 மி.மீ., ஒரு கடுகு அளவு, பந்திலிருந்து 15 மீட்டரில். பூமியிலிருந்து நிலா 4 செ.மீ. வியாழன் 14 மி.மீ. கோலி, 78 மீட்டரில். நெப்டியூன் 5 மி.மீ., 450 மீட்டரில், அநேகமாகப் பள்ளிக்கு வெளியே. கடுகை ஒரு அட்டையில் ஒட்டி ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, மற்றவர்களோடு 15 பெரிய எட்டு நடக்கச் சொல்லுங்கள். திரும்பிப் பந்தைப் பார்க்கிற அந்த நொடியில் நீங்கள் எதுவும் பேசாதீர்கள்.

மழலை: மாறுவேடப் போட்டியும் அதே நாளில் வைக்கலாமா?

வேண்டாம். அது வீட்டில் பெரியவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. தனி விழாவாக வையுங்கள்.

சிட்டுக்குருவி: எரிமலைக்கு வினிகருக்குப் பதில்...

எரிமலை போதும். எலுமிச்சைச் சாறு சரிவரும், அளவு கூட வேண்டும். எவ்வளவு என்று முந்தின நாள் நீங்களே செய்து பாருங்கள்.

தும்பி: சத்தமும் கூட்டமும் ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை என் வகுப்பில் இருக்கிறான். இந்த மாதிரி நாட்களில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறான்.

நல்ல வேளை கேட்டீர்கள். அன்றைய வரிசையை நான்கு படமாக வரைந்து முந்தின நாளே அவனிடம் காட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தின்மேல் அவனே கோடு போட்டு அடிக்கட்டும். மணி அடிப்பதற்கு முன் அவனுக்குக் கையால் ஒரு சைகை. பலூன் வெடிக்கிற வாய்ப்பு உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அல்லது அந்தச் சுற்றில் அவன் ஜன்னல் பக்கமிருந்து பார்க்கட்டும். நேரக் கணக்கு எழுதுகிற வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தால், சத்தம் எப்போது வரும் என்று அவனுக்குத்தான் முதலில் தெரியும்.